அம்மாவின் முகூர்த்தச் சேலை தொலைந்தால் என்ன விலை?
துண்டுச்சீட்டைக் காட்டி கடைக்காரர் கைவிரித்தால் நஷ்டஈடு பெற வழி என்ன?

வாசுதேவநல்லூர்:-

இப்படி ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள்.

வாசுதேவநல்லூரில் ஒரு வீடு. மகளுக்கு கல்யாணம் நிச்சயமாகி விட்டது. சிந்தாமணிநாதர் கோவிலில் பத்திரிகை வைத்து கும்பிட்டாகி விட்டது. மாப்பிள்ளை வீட்டார் எடுத்த கூரைப்பட்டும் வந்து சேர்ந்து விட்டது. ஆனால் மணப்பெண்ணுக்கு ஒரு ஆசை.

"மறுவீட்டுக்கு எங்க அம்மா கல்யாணத்துல கெட்டுன அரக்குப் பட்டைத்தான் கெட்டுவேன்" என்று பிடிவாதமாகச் சொல்லி விட்டாள்.

அம்மா இப்போது உயிரோடு இல்லை. அவள் போன பிறகு யாரும் திறக்காத டிரங்குப் பெட்டியை அப்பா திறந்தார். மேலே பாச்சா உருண்டை. கீழே பழைய வேட்டித் துணியில் சுற்றியபடி அந்தப் பட்டு. மடிப்பில் லேசாகப் பழுப்பு ஏறி இருந்தது. "ஒரு தடவை டிரை வாஷ் போட்டு பாலீஷ் பண்ணினா புதுசு மாதிரி வந்துரும்" என்று அத்தை சொன்னாள். அப்பா சலவைக்கடையில் கொண்டுபோய் கொடுத்தார். கடைக்காரர் ஒரு துண்டுச்சீட்டு கிழித்துக் கொடுத்தார். "வெள்ளிக்கிழமை வாங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை போனால் "ஞாயித்துக்கிழமை வாங்க". ஞாயிற்றுக்கிழமை போனால் "மெயின் கடையில இருந்து வண்டி வரல". நாலாவது தடவை போனபோதுதான் உண்மை வெளியே வந்தது.

"சேலையைக் காணல அண்ணாச்சி. நாங்களும் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்."

"என்னய்யா சொல்லுத? அது என் வீட்டுக்காரி முகூர்த்தச் சேலை. பிள்ளைக்கு கல்யாணம் வச்சிருக்கு."

"நான் என்ன செய்ய அண்ணாச்சி? சீட்டுக்குப் பின்னால பாருங்க, போட்டிருக்குல்லா. தொலைஞ்சா சலவைக்கூலி போல பத்து மடங்குதான் தருவோம்னு."

அப்பா சீட்டைத் திருப்பிப் பார்த்தார். எறும்பு ஊர்ந்தது போல பொடி எழுத்தில் அப்படித்தான் அச்சடித்து இருந்தது.

இது எந்த ஒரு குடும்பத்தின் பெயரையும் சொல்லும் செய்தி அல்ல. எண்ணிப் பார்க்கச் சொன்ன காட்சிதான். ஆனால் முகூர்த்த மாதத்தில் எந்த ஊர் சலவைக்கடை வாசலிலும் இப்படி ஒரு தகராறு கிளம்பலாம். சேலைக்குப் பதில் போட்டோவாக இருக்கலாம், பழைய கைக்கடிகாரமாக இருக்கலாம், அடகு வைத்த பாம்படமாக இருக்கலாம். தொலைத்தவர் காட்டுவது ஒரே சீட்டைத்தான்.

அந்தச் சீட்டு செல்லுமா? செல்லாது என்றால் எவ்வளவு கேட்கலாம்?

மூன்று பேர், மூன்று விலை

அந்த அரக்குப் பட்டுக்கு மூன்று பேர் மூன்று விலை சொல்வார்கள்.

கடைக்காரர் சொல்வது சலவைக்கூலியை வைத்து. 200 ரூபாய் கூலி என்றால் 2 ஆயிரம்.

தெருவில் "பழைய பட்டுச்சேலை வாங்குறது" என்று கூவிக்கொண்டு வரும் வியாபாரி சரிகையைத்தான் பார்ப்பார். அதை உருக்கினால் எவ்வளவு வெள்ளி தேறும் என்பதுதான் அவருக்கு கணக்கு.

மூன்றாவது விலை அந்த மகள் சொல்வது. அவளிடம் கேட்டால் தொகையே சொல்ல மாட்டாள். அழுவாள்.

சட்டம் இந்த மூவரில் யார் பக்கம் நிற்கிறது? முழுக்க யார் பக்கமும் இல்லை என்பதுதான் நிஜம். ஆனால் கடைக்காரர் சொல்லும் விலையே கடைசி விலை என்று அது ஒப்புக்கொள்வதும் இல்லை. இதற்கு சென்னையிலேயே பழைய தீர்ப்பு ஒன்று இருக்கிறது.

சென்னை சலவைக்கடை வழக்கு

சென்னையில் 'லில்லி ஒயிட்' என்ற சலவை நிறுவனத்தில் ஒரு வாடிக்கையாளர் புதுச்சேலை ஒன்றை சலவைக்குக் கொடுத்தார். சேலை தொலைந்து போனது. பொருள் தொலைந்தால் மார்க்கெட் விலையில் ஒரு பகுதியைத்தான் கேட்க முடியும் என்று ரசீதில் நிபந்தனை இருந்தது. அந்தப் பகுதியை வாங்கிக்கொண்டு போகாமல் வாடிக்கையாளர் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு சென்னை ஐகோர்ட்டு வரை வந்தது.

ஐகோர்ட்டு என்ன சொன்னது? இப்படிப்பட்ட நிபந்தனை பொதுநலனுக்கு விரோதமானது, செல்லாது என்று சொல்லி விட்டது. காரணம் சாதாரண ஆளுக்கும் புரியக்கூடியது. இதை செல்லும் என்று விட்டால், நேர்மையில்லாத ஒரு கடைக்காரர் விலை உயர்ந்த சேலையை வைத்துக்கொண்டு, "தொலைந்து விட்டது" என்று சொல்லி, விலையில் ஒரு பகுதியை மட்டும் நீட்டலாம். தொலைப்பதே லாபமான தொழிலாகி விடும்.

இந்தத் தீர்ப்பு 1966-ம் ஆண்டு தீர்ப்புத் தொகுப்பில் இடம் பெற்றது. இன்றைக்கும் ஒப்பந்தச் சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு இது பாடம். சலவைக்கடையில் வரிசையில் நிற்கும் ஜனங்களுக்குத்தான் இது தெரியாது.

ஒப்படைத்த பொருள்

இதற்கு அடிப்படை 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். ஒரு வேலைக்காக ஒருவர் தன் பொருளை இன்னொருவரிடம் ஒப்படைக்கிறார். வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். சலவைக்கு, தையலுக்கு, ரிப்பேருக்கு, பிரேம் போட என்று எதற்குக் கொடுத்தாலும் இந்தக் கணக்குதான்.

அந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு சொல்வது இது. சாதாரண புத்தியுள்ள ஒரு மனிதன் தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனத்தோடு பார்த்துக்கொள்வானோ, அதே கவனத்தோடு மற்றவர் பொருளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்டும் பொருள் போய்விட்டால் அவர் பொறுப்பில்லை என்கிறது 152-வது பிரிவு. ஆனால் கவனமாக இருந்தேன் என்பதை அவர்தான் காட்ட வேண்டும். பொருள் போன அன்று கடைக்குள் என்ன நடந்தது என்பது வாடிக்கையாளருக்கு எப்படித் தெரியும்?

"காணல" என்ற ஒரே வார்த்தை பதில் ஆகாது. எந்த நாளில் யார் எடுத்தார்கள், எந்த வண்டியில் ஏற்றினார்கள், எந்தக் கணக்கில் எழுதினார்கள் என்று சொல்ல வேண்டியது கடையின் பொறுப்பு.

கையெழுத்து போட்டால் கதை வேறு!

இதைப் படித்துவிட்டு, எந்தச் சீட்டையும் கிழித்துப் போட்டு விடலாம் என்று நினைத்தால் அது தவறு. இன்னொரு பக்கமும் உண்டு.

பாரதி நிட்டிங் கம்பெனி என்ற பின்னலாடை நிறுவனம் 1990-ம் ஆண்டு ஜெர்மனிக்கு அனுப்ப வேண்டிய சரக்கு தஸ்தாவேஜுகளை ஒரு பன்னாட்டு கூரியர் கம்பெனியிடம் கொடுத்தது. அவை போய்ச் சேரவில்லை. சீசன் தவறியதால் கம்பெனிக்கு பெரும் நஷ்டம். மாநில நுகர்வோர் ஆணையம் 4 லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுக்கச் சொன்னது. ஆனால் தேசிய ஆணையம் அதை வெறும் 100 டாலராகக் குறைத்து விட்டது. 1996-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது.

ஏன்? "தொலைந்தால் 100 டாலர்தான்" என்ற நிபந்தனை இருந்த கூரியர் சீட்டில் அனுப்பியவர் கையெழுத்து இருந்தது. படித்துப் பார்த்து கையெழுத்து போட்ட பிறகு "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது என்பது கோர்ட்டின் நிலை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். கடைக்காரர் தானாக அச்சடித்து கையில் திணிக்கும் சீட்டு வேறு. பேனாவை வாங்கி நீங்களே கையெழுத்து போடும் பாரம் வேறு. சீட்டை எதிர்த்து வாதாடலாம். கையெழுத்தை எதிர்த்து வாதாடுவது கஷ்டம்.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒரு புது வாசலைத் திறந்திருக்கிறது. ஒரு பக்கமாகச் சாய்ந்து வாடிக்கையாளர் உரிமையைப் பறிக்கும் ஒப்பந்தத்தை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று சொல்லி புகார் செய்யலாம். ஆனால் அதற்கு மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும்.

டோக்கனுக்கும் இதே கதை

குற்றாலம் சீசனில் அருவிக்கு குளிக்க வருகிறவர்கள் லாட்ஜில் சாமான்களையும் வண்டியையும் விட்டுவிட்டுப் போவது வழக்கம். "உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற போர்டு பல இடங்களில் தொங்கும். அந்தப் போர்டுக்கும் எல்லை உண்டு.

1998-ம் ஆண்டு டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலுக்கு வந்தவர் கார் சாவியை ஓட்டல் ஊழியரிடம் கொடுத்தார். திரும்பி வந்து பார்த்தால் காரை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வண்டியை நிறுத்துவது சொந்தக்காரர் பொறுப்பு என்று டோக்கனில் இருந்தது. 2019-ம் ஆண்டு நவம்பர் 14-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு இதில் தீர்ப்பு சொன்னது. சாவியை வாங்கி வண்டியைத் தன் வசம் எடுத்துக்கொண்ட பிறகு, தன் ஊழியரின் கவனக்குறைவுக்கு டோக்கனைக் காட்டி ஓட்டல் தப்ப முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பு.

இடத்தை மட்டும் காட்டி "அங்க விட்டுக்கோங்க" என்பது வேறு. கையில் வாங்கி வைப்பது வேறு. கையில் வாங்கினால் பொறுப்பும் சேர்ந்து வரும்.

கண்ணீருக்கு கணக்கு உண்டா?

சரி, சேலையின் விலை கிடைக்கலாம். ஆனால் அது அம்மாவின் சேலை ஆயிற்றே? அந்த வேதனைக்கு?

இதற்கும் பதில் உண்டு. 1993-ம் ஆண்டு நவம்பர் 5-ந்தேதி லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு முக்கியமான தீர்ப்பு ஒன்று அளித்தது. நஷ்டஈடு என்பது பொருளின் விலை மட்டும் அல்ல. ஜனங்களை அலைக்கழித்து உண்டாக்கிய மன உளைச்சலுக்கும் நுகர்வோர் கோர்ட்டு பணம் கொடுக்கச் சொல்லலாம் என்றது. நுகர்வோர் வழக்குகளில் பொருள் விலைக்கு ஒரு தொகை, மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவுக்கு ஒரு தொகை என்று தனித்தனியாகக் கேட்பது இந்த வழியில்தான்.

அதனால் சேலையின் விலையிலேயே பாசத்தையும் சேர்த்து "5 லட்சம் கொடு" என்று கேட்பது புத்திசாலித்தனம் அல்ல. பழைய சேலைக்கு 5 லட்சமா என்று எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தே வழக்கைக் கெடுத்து விடுவார். விலையைத் தனியாகவும் வேதனையைத் தனியாகவும் எழுதிக் கேட்க வேண்டும். அம்மா உயிரோடு இல்லை என்பதை எழுத வேண்டும். எந்தத் தேதியில் கல்யாணம், எத்தனை தடவை கடைக்கு நடந்தது, கடைக்காரர் என்ன பதில் சொன்னார் என்பதையும் எழுத வேண்டும். ஒரே மாதிரி தொகை எல்லா வழக்குக்கும் கிடையாது, ஒவ்வொன்றின் நிலையைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்று 2004-ம் ஆண்டிலும் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி இருக்கிறது.

விலை போட முடியாத சேலைதான். ஆனால் அதைத் தொலைத்த கவனக்குறைவுக்கு விலை போடலாம்.

7 நகை வைத்தார், 2 நகை கிடைத்தது!

இந்த வழியில் கடைசி வரை நடந்த ஒரு மகனின் வழக்கு கொல்கத்தாவில் நடந்தது.

யுனைடெட் பாங்கி ஆப் இந்தியாவின் கிளை ஒன்றில் ஒரு தாய் 1950-களின் ஆரம்பத்தில் லாக்கர் எடுத்தார். 1970-ல் மகனின் பெயரும் அதில் சேர்க்கப்பட்டது. 1995-ம் ஆண்டு மே மாதம் மகன் பாங்கிக்குப் போனார். அங்கே அவருக்குக் காத்திருந்தது அதிர்ச்சி. வாடகை பாக்கி என்று சொல்லி முந்தைய ஆண்டு செப்டம்பரிலேயே லாக்கரை உடைத்து, வேறு ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள்.

"நான்தான் வாடகை கட்டி விட்டேனே" என்றார் மகன். கணக்கைப் பார்த்த பாங்கி, பாக்கி எதுவும் இல்லை, தவறுதலாக உடைத்து விட்டோம் என்று ஒப்புக்கொண்டது. நகைகளை வாங்கப் போனபோது இரண்டாவது அதிர்ச்சி. வைத்தது 7 நகை என்றார் மகன். ஒட்டாத கவர் ஒன்றில் இருந்தது 2 நகை. உடைத்தபோதே இரண்டுதான் இருந்தது என்றது பாங்கி.

மாவட்ட நுகர்வோர் கோர்ட்டு, நகைகளைத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் 3 லட்சம் ரூபாய் கொடு, மன உளைச்சலுக்கு 50 ஆயிரம் கொடு என்றது. மாநில ஆணையம் அந்த 50 ஆயிரத்தை 30 ஆயிரமாகக் குறைத்தது. எத்தனை நகை இருந்தது என்பதை சிவில் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளச் சொன்னது. வழக்கு டெல்லி வரை போனது.

2021-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந்தேதி நீதிபதிகள் மோகன் சாந்தனகவுடர், வினீத் சரண் ஆகியோர் தீர்ப்பு கூறினார்கள். நோட்டீசு கூட கொடுக்காமல் லாக்கரை உடைத்தது பெரும் கவனக்குறைவு என்று கண்டித்தார்கள். 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடு, வழக்குச் செலவுக்கு தனியாக ஒரு லட்சம் கொடுக்கும்படி உத்தரவிட்டார்கள். தவறு செய்த அதிகாரிகள் வேலையில் இருந்தால் அவர்கள் சம்பளத்தில் இருந்து அந்த 5 லட்சத்தைப் பிடிக்கவும் சொன்னார்கள். நகை எத்தனை என்ற கேள்விக்கு மட்டும் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்றும் சொன்னார்கள்.

லாக்கரை உடைத்து 26 ஆண்டுகள் ஓடிய பிறகு கிடைத்த தீர்ப்பு. அப்போதும் தாயின் 5 நகைகள் திரும்பி வரவில்லை. 7 நகை வைத்தேன் என்பதற்கு இரு தரப்பும் ஒப்பிய ஒரு பட்டியல் இருந்திருந்தால் கதையே மாறி இருக்கும்.

இந்தத் தீர்ப்புக்குப் பிறகு ரிசர்வ் பாங்கி புது விதிகளைக் கொண்டு வந்தது. 2022-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி முதல் அவை அமலுக்கு வந்தன. தீ, திருட்டு, கொள்ளை, கட்டிடம் இடிந்து விழுவது, ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கரில் உள்ள பொருள் போனால், ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை பாங்கி பொறுப்பேற்க வேண்டும். வாடகை 2 ஆயிரம் என்றால் அதிகபட்சம் 2 லட்சம். உள்ளே 20 பவுன் வைத்திருந்தாலும் இதே கணக்குதான். லாக்கர் வைத்திருக்கும் பலருக்கு இது இன்னும் தெரியாது.

அடகில் இருக்கும் பாம்படம்

நெல்லைச் சீமையில் ஆச்சிமார் காதில் ஆடிய பாம்படத்துக்கு தனி மரியாதை. உள்ளே அரக்கு, மேலே தங்கத்தகடு. உருக்கினால் தேறும் தங்கம், பார்வைக்குத் தெரிவதை விடக் குறைவு. ஆனால் ஆச்சி போன பிறகு அவள் முகம் நினைவுக்கு வருவது அந்தப் பாம்படத்தைப் பார்த்தால்தான். விதைப்புக்கும் பிள்ளை படிப்புக்கும் அதுவே அடகுக்குப் போகிறது.

பாங்கியிலோ நிதி நிறுவனத்திலோ அடகு வைத்திருந்தால் 2025-ம் ஆண்டு ஜூன் 6-ந்தேதி ரிசர்வ் பாங்கி வெளியிட்ட விதிகளைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 2026 ஏப்ரல் 1-ந்தேதிக்குள் அவற்றை அமல்படுத்த வேண்டும் என்பது உத்தரவு. கடனை முழுதும் கட்டிய பிறகு 7 வேலை நாட்களுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும். தங்கள் தவறால் தாமதித்தால் ஒரு நாளைக்கு 5 ஆயிரம் ரூபாய் வீதம் கொடுக்க வேண்டும். நகை தொலைந்தால் தகுந்த நஷ்டஈடு தர வேண்டும். தனியார் அடகுக்கடைக்கு இந்த விதி கிடையாது. அங்கே 1943-ம் ஆண்டு அடகு பிடிப்போர் சட்டம். லைசென்சு உள்ள கடையா என்று பார்த்து, அடகுச் சீட்டை கையோடு வாங்காமல் படி இறங்கக் கூடாது.

போலீசுக்குப் போகலாமா?

பொருள் தொலைந்ததும் பலர் முதலில் ஓடுவது போலீஸ் ஸ்டேஷனுக்கு. கவனக்குறைவால் தொலைந்தது என்றால் அது குற்ற வழக்கு ஆகாது. ஆனால் கடைக்காரரே விற்று விட்டார், அல்லது ஊழியர் எடுத்துக்கொண்டார் என்று சந்தேகிக்க காரணம் இருந்தால் அது நம்பிக்கை மோசடி. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 316-வது பிரிவு இதற்கு உரியது. அப்போது தயங்காமல் புகார் எழுதிக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். நஷ்டஈடு கேட்பது தனி வழி. ஒன்று நடப்பதால் மற்றொன்று நிற்காது.

படிப்படியாக என்ன செய்வது?

முதலில் வாய்ச்சண்டையை நிறுத்த வேண்டும். எல்லாவற்றையும் எழுத்தில் கொண்டு வர வேண்டும். "இன்ன தேதியில் கொடுத்த இன்ன சேலை தொலைந்து விட்டது" என்று கடைக்காரரிடம் எழுதி வாங்க முடிந்தால் பாதி வழக்கு முடிந்த மாதிரி.

அவர் எழுதித் தராவிட்டால் நீங்கள் கடிதம் எழுதி, ஒப்புகை கிடைக்கும் தபாலில் அனுப்புங்கள். என்ன பொருள், என்ன விலை, எவ்வளவு நஷ்டஈடு, எத்தனை நாளில் வேண்டும் என்பதை அதில் எழுதுங்கள். 15 நாள் கெடு கொடுக்கலாம்.

கொஞ்சம் பணத்தை நீட்டி, "முழுமையாகப் பெற்றுக்கொண்டேன், இனி பாக்கி இல்லை" என்று கையெழுத்து கேட்பார்கள். அது சம்மதம் இல்லாவிட்டால் போடாதீர்கள். போட்டால் வழக்கு அங்கேயே பலம் இழந்து விடும்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். முன்பு எதிர்த்தரப்பு இருக்கும் இடத்துக்கோ, பொருள் தொலைந்த இடத்துக்கோதான் போக வேண்டி இருந்தது. 2019-ம் ஆண்டு சட்டத்தில் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். சேலையை மதுரையில் கொடுத்திருந்தாலும் வாசுதேவநல்லூர்க்காரர் மதுரைக்கு அலைய வேண்டியது இல்லை. 2025 ஜனவரி முதல் 'இ-ஜாக்ரிதி' இணைய தளத்திலும் மனு போடலாம்.

வக்கீல் கட்டாயம் இல்லை. நீங்களே வாதாடலாம். எந்த ஆணையம் என்பது நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டை வைத்து அல்ல, கொடுத்த கூலியை வைத்துத்தான். 50 லட்சம் வரை மாவட்டம். 5 லட்சம் வரை மனுக் கட்டணமே இல்லை. அதனால் 200 ரூபாய் சலவைக்கூலி வழக்குக்கு பைசா கட்ட வேண்டாம். ஆனால் அந்த 200 ரூபாய்க்கு ரசீது வேண்டும். கூலி வாங்காமல் சும்மா செய்து கொடுத்த வேலைக்கு நுகர்வோர் சட்டம் வராது.

பொருள் தொலைந்ததில் இருந்து 2 ஆண்டுக்குள் மனு போட்டாக வேண்டும். "அடுத்த வாரம் வாங்க" என்பதை நம்பி நடந்துகொண்டே இருந்தால் கெடு தாண்டி விடும். மூன்று மாதத்தில் தீர்க்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதிகம் ஆகலாம். சமரசப் பேச்சுக்கும் ஆணையத்தில் வழி உண்டு. தீர்ப்பு வந்தும் பணம் கொடுக்காமல் இழுத்தடிப்பவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை ஜெயில் உண்டு.

கடைக்காரர் பக்கமும் பார்க்க வேண்டும்

தொலைத்த கடைக்காரர் எல்லாரும் திருடர் அல்ல. சின்ன ஊர்க் கடைகள் பல துணியை வாங்கி, பெரிய ஊரில் உள்ள மெஷின் கடைக்கு அனுப்புகின்றன. நூறு மூட்டைகளுக்கு நடுவே ஒரு சேலை மாறிப் போவது நடக்கக்கூடியதுதான். 200 ரூபாய் கூலி வாங்குகிறவரிடம் லட்சக்கணக்கில் கேட்டால் அவர் கடையை மூட வேண்டியதுதான்.

ஆனால் அதற்கு வழி பொடி எழுத்துச் சீட்டு அல்ல. துணியை வாங்கும்போதே "என்ன சேலை, எவ்வளவு விலை, முகூர்த்தப் பட்டா" என்று கேட்டு எழுதலாம். விலை உயர்ந்ததற்கு தனிப்பை, தனி நம்பர் போடலாம். தொலைந்தால் நாலு தடவை நடக்க விடாமல் முதல் நாளே சொல்லலாம். மன உளைச்சல் என்று கோர்ட்டில் எழுதும் பக்கங்களில் பாதி, தொலைந்த பொருளைப் பற்றி இருக்காது. அதற்குப் பிறகு கேட்ட பொய்களைப் பற்றித்தான் இருக்கும்.

கொடுக்கும் முன் ஐந்து நிமிடம்

அந்த வாசுதேவநல்லூர் அப்பா பெட்டியில் இருந்து சேலையை எடுத்த அன்று ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் என்ன செய்திருக்கலாம்?

சேலையை விரித்து, முந்தி, கரை, சரிகை தெரிய செல்போனில் நாலு படம் எடுத்திருக்கலாம். மனைவி அதைக் கட்டியிருக்கும் கல்யாண போட்டோவையும் சேர்த்து வைத்திருக்கலாம். இன்றைக்கு அப்படி ஒரு பட்டு என்ன விலை என்று ஜவுளிக்கடையில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கடையில் "ஒரு சேலை" என்று கிழித்த சீட்டை வாங்காமல், "அரக்கு முகூர்த்தப் பட்டு, சரிகைக் கரை, மதிப்பு இவ்வளவு" என்று எழுதச் சொல்லியிருக்கலாம். "கல்யாணத்துக்கு வேணும்" என்பதையும் தேதி போட்டு எழுதச் சொல்லியிருக்கலாம்.

"இவ்வளவு எழுதணுமா அண்ணாச்சி, நம்பிக்கை இல்லையா?" என்று கடைக்காரர் கேட்பார்.

"நம்பித்தாம்பா குடுக்கேன். நீ எழுதிக் குடு" என்று சொன்னால் போதும். சரியான கடைக்காரர் கோபப்பட மாட்டார். எழுத மறுத்தால் சேலையை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து விடலாம். மடிப்பில் இருக்கும் பழுப்போடு மகள் அதைக் கட்டிக்கொள்ளட்டும்.